சாயங்காலம் வீட்டுக்குள்ள வர்ற பழுப்பு பட்டாம்பூச்சி: எல்லாரும் கேக்குற கேள்விகளும் என் பதிலும்

ஒவ்வொரு வருஷமும் ஐப்பசி மழை ஆரம்பிச்சதும் எங்க பில்டிங் ஆளுங்க போன்ல போட்டோ அனுப்ப ஆரம்பிச்சிடுவாங்க. ட்யூப்லைட் பக்கத்துல சுவத்துல ஒட்டிக்கிட்டு ஒரு பழுப்பு பூச்சி, உள்ளங்கைல பாதி இருக்கும், "இது என்னங்க, பாப்பா பயந்து அழுவுது, அடிச்சிடலாமா"ன்னு கேப்பாங்க. அடிக்காதீங்க, ப்ளீஸ். அது ஒரு பட்டாம்பூச்சி, இங்கிலீஷ்ல காமன் ஈவ்னிங் பிரவுன்னு பேரு. மரம், நிழல், சருகு இருக்குற இடத்துல வாழுற காட்டு ஜீவன், நம்ம சென்னைல இன்னும் நிறையவே இருக்கு. நான் இருக்கறது வேளச்சேரி, ஐஐடி மதில்லேர்ந்து நடக்குற தூரம் தான், பல வருஷமா இத பாத்துட்டு வரேன். திரும்பத் திரும்ப அதே கேள்விங்க வர்றதால எல்லாத்துக்கும் ஒரே இடத்துல பதில் எழுதி வெச்சிட்டேன்.

இது பட்டாம்பூச்சியா, அந்துப்பூச்சியா? பாத்தா அந்து மாதிரி தான இருக்கு?

பட்டாம்பூச்சி தான். பழுப்பா இருக்கு, இருட்டுற நேரத்துல வருது, லைட்ட சுத்துது, அதனால எல்லாரும் அந்துன்னு நெனச்சிடுறாங்க. கிட்ட போய் மீசைய பாருங்க, அதான் உணர்கொம்பு. பட்டாம்பூச்சிக்கு அது மெல்லிசா நூல் மாதிரி போய் நுனில கொஞ்சம் தடிச்சிருக்கும், தீக்குச்சி மாதிரின்னு வெச்சுக்கோங்களேன். அந்துப்பூச்சில நிறைய வகைக்கு சீப்பு மாதிரியோ இறகு மாதிரியோ இருக்கும், இல்லன்னா நுனி வரைக்கும் ஒரே சீரா மெலிஞ்சு போகும். இன்னொன்னு, இது உக்காந்தா ரெண்டு பக்க இறக்கையையும் முதுகுக்கு மேல கைகூப்புற மாதிரி ஒட்ட மூடிக்கும், அந்து பெரும்பாலும் கூரை மாதிரி விரிச்சு படுத்துக்கும்.

காலையும் எண்ணிப் பாருங்க. பூச்சின்னா ஆறு கால் இருக்கணும்ல, இது நாலு கால்ல தான் நிக்கும். முன்னாடி ரெண்டு காலும் குட்டியா சுருங்கி நெஞ்சோட ஒட்டிக்கிட்டிருக்கும், நடக்க ஆகாது. இந்த குடும்பத்துக்கே அப்படித்தான், நிம்ஃபாலிடேன்னு சொல்லுவாங்க, நம்ம ஊர்ல பாக்குற வெந்தய வரியன், நீல வரியன் எல்லாம் இதே குடும்பம் தான்.

பேரு என்ன, எவ்ளோ பெருசு?

அறிவியல் பேரு மெலானிடிஸ் லீடா. இதுல லீடாங்கறது 1758லயே ஸ்வீடன் விஞ்ஞானி லின்னேயஸ் வெச்ச பேரு. இறக்கைய விரிச்சா ஒரு முனைலேர்ந்து மறு முனை வரைக்கும் சுமார் 6 லேர்ந்து 8 சென்டிமீட்டர் வரும். மேல் பக்கம் பழுப்பு, முன் இறக்கை நுனி கிட்ட ஒரு பெரிய கருப்பு பொட்டு, அதுக்குள்ள ரெண்டு வெள்ளைப் புள்ளி, பொட்ட சுத்தி கொஞ்சம் ஆரஞ்சு கலந்த பழுப்பு தடவின மாதிரி. ஆனா இந்த மேல் பக்கத்த நீங்க பாக்குறது கஷ்டம், உக்காந்த உடனே மூடிக்கும். எங்க வீட்ல இதுக்கு சருகு பூச்சின்னு நாங்களே ஒரு பேரு வெச்சிருக்கோம், பசங்களுக்கு அது சுலபமா வருது. ஆப்பிரிக்கா, இந்தியா, தென்கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியா வரைக்கும் இருக்கு, அபூர்வமான ஜீவன் எல்லாம் இல்ல.

போன மாசம் வந்ததுக்கு இறக்கைல கண்ணு கண்ணா இருந்துச்சு, இப்ப வந்தது வெறும் காஞ்ச இலை மாதிரி இருக்கு. ரெண்டும் வேற வேற பூச்சியா?

ஒரே பூச்சி தாங்க! எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயமே இது, அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன். இதுக்கு ரெண்டு உடுப்பு இருக்கு. மழைக்கால உடுப்புல இறக்கையோட அடிப்பக்கம், அதாவது மூடி உக்காந்தா நமக்கு தெரியுற பக்கம், சாம்பல் கலந்த பழுப்புல பொடிப்பொடியா கோடு போட்டு ஓரமா வரிசையா கண்ணு கண்ணா இருக்கும், மஞ்சள் வளையம், உள்ள கருப்பு, நடுவுல வெள்ளைப் புள்ளி. வறண்ட கால உடுப்புல இந்தக் கண்ணெல்லாம் சுருங்கி வெறும் புள்ளியா போயிடும், சிலதுல சுத்தமா இருக்காது. அதுக்கு பதிலா காஞ்ச இலை. ஒண்ணு வெளிர் மஞ்சள், ஒண்ணு செம்பழுப்பு, ஒண்ணு கிட்டத்தட்ட கருப்பு, பூஞ்சை புடிச்ச மாதிரி திட்டு இருக்கறது ஒண்ணு, நடு நரம்பு மாதிரி கோடு ஓடுறது ஒண்ணு. ஒரே மரத்தடில கெடக்குற சருகு எல்லாம் ஒரே கலர்லயா இருக்கு, இல்லல்ல, அதே மாதிரி தான் இதுங்களும் ஒண்ணு போல ஒண்ணு இருக்காது. இறக்கை நுனி கூட வறண்ட காலத்துல இன்னும் கொஞ்சம் வளைஞ்சு கூரா இருக்கும், இலை நுனி மாதிரியே.

ஏன் ரெண்டு உடுப்புன்னா, மழைக்காலத்துல தரையெல்லாம் பச்சையா இருக்கும், அப்ப சருகு வேஷம் போட்டு பெரிய பிரயோஜனம் இல்ல, பூச்சியும் சுறுசுறுப்பா ஜோடி தேடி முட்ட போட்டு அலைஞ்சுட்டு இருக்கும், கொத்த வர்ற பல்லியோ பறவையோ அந்த ஓரத்துக் கண்ணு மேல கொத்தினா இறக்கை நுனி தான் கிழியும், தலை தப்பிக்கும். வறண்ட காலத்துல பச்சைப் புல் இருக்காது, முட்ட போட்டா புழுவுக்கு சாப்பாடு இல்ல, அதனால முட்ட போடுறத தள்ளி வெச்சிட்டு அசையாம சருகுக்குள்ள காலத்த ஓட்டணும், அப்ப கண்ணு இருந்தா அதுவே காட்டிக் குடுத்துடும்.

எந்த உடுப்புன்னு முடிவாகுறது இறக்கை மொளைச்ச அப்புறம் இல்ல. புழுவா புல் தின்னுட்டு இருக்கும்போதே சுத்தி இருக்குற சூடும் ஈரமும் பாத்து உடம்புக்குள்ள முடிவாகிடும். ஒரே தாயோட முட்டைங்க தான், எப்ப வளருதோ அதுக்கேத்த உடுப்பு. சென்னைல மழை கணக்கே தனி, ஜூன் ஜூலைல சாயங்கால இடி மழை கொஞ்சம், அப்புறம் அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்கு பருவமழை, வருஷ மழைல பாதிக்கு மேல அந்த மூணு மாசத்துல தான். அதனால இங்க புத்தகத்துல இருக்குற மாதிரி இந்த தேதிக்கு மேல இந்த உடுப்புன்னு பிரிக்க முடியாது, ஒரே வாரத்துல ரெண்டு வகையும், நடுவாந்தரமா அரைகுறை கண்ணோட இருக்கறதும் எங்க காம்பவுண்ட்லயே பாத்திருக்கேன்.

ஏன் சாயங்காலம் மட்டும் பறக்குது?

பகல்லயும் இருக்கு, நமக்கு தெரியல. பகல் முழுக்க மரத்தடி சருகுல அசையாம கெடக்கும், நாம நடந்து போகும்போது காலடிலேர்ந்து ஒண்ணு படபடன்னு எழும்பி, தரைய ஒட்டியே கோணல்மாணலா பறந்து ஒரு பத்தடி தள்ளி மறுபடி சருகுல விழும். விழுந்த இடத்த நல்லா பாத்து வெச்சுட்டு தான் போவேன், போனா அங்க இருக்காது, இருக்கும் ஆனா கண்ணுக்கு சிக்காது. இறங்கினதும் முன் இறக்கைய பின் இறக்கைக்குள்ள இழுத்து ஒளிச்சிட்டு லேசா ஒரு பக்கம் சாஞ்சுக்கும், நிழல் கூட விழாது.

சூரியன் எறங்கினதும் தான் இதோட நேரம். அதிகாலை இருட்டுலயும் கொஞ்சம் பறக்கும். பகல்ல பறக்குற பறவைங்க கூட்டுக்கு போயிருக்கும், வெயில் காயாது. ஆம்பளப் பூச்சிங்க மரத்துக்கு நடுவுல இருக்குற சின்ன திறந்த இடமா பாத்து உக்காந்து இடம் புடிச்சிக்கும், இன்னொண்ணு வந்தா ரெண்டும் ஒண்ண ஒண்ணு சுத்திக்கிட்டு மேல போகும், அந்த அரை இருட்டுல அது ஒரு சண்டை. ஆஸ்திரேலியால இந்த அந்தி சண்டைய பத்தியே தனியா ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. நம்ம ஊர்ல நவம்பர்ல 5.40க்கெல்லாம் பொழுது சாஞ்சிடும், ஜூன் ஜூலைல 6.40 ஆகும், அதுக்கப்புறம் ஒரு அரை மணி நேரம் மொட்டை மாடிக்கு போகாம கீழ மரத்தடில நில்லுங்க.

சென்னைல எங்க பாக்கலாம்?

உங்க தெருவுலயே, முதல்ல அங்க பாருங்க. மரம், அதுக்கு கீழ கூட்டாத சருகு, பக்கத்துல வெட்டாத புல், இந்த மூணும் ஒண்ணா சேர்ந்து இருந்தா இது இருக்கும். ரயில்வே லைன் ஓரம், பழைய பங்களா தோட்டம், கோயில் நந்தவனம், காலி மனை, எல்லா இடத்துலயும் பாத்திருக்கேன்.

காடுன்னு பாக்கணும்னா கிண்டி. கிண்டி தேசியப் பூங்கா சுமார் 2.7 சதுர கிலோமீட்டர், 1978ல தேசியப் பூங்கான்னு அறிவிச்சது, ஒரு பெரிய ஊருக்கு நடுவுல இப்படி ஒரு காடு இருக்கறது நம்ம அதிர்ஷ்டம். ஐஐடி கேம்பஸும் ஒரு காலத்துல இதே காடு தான், 1959ல ஐஐடி வந்தப்ப காட்டுலேர்ந்து குடுத்த நிலம். இந்த வகை காட்டுக்கு வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடுன்னு பேரு, சோழமண்டல கடற்கரை ஓரமா ஒரு காலத்துல நீளத்துக்கு இருந்தது, இப்ப துண்டு துண்டா கோயில் காடாவும் இந்த மாதிரி பூங்காவாவும் மிச்சம் இருக்கு. மரம் ரொம்ப உயரம் போகாது, வீரை, பாலை மாதிரி தடிச்ச இலை உள்ள மரங்க, வருஷம் பூரா பச்சையா இருக்கும், ஆனா பழைய இலைய கொஞ்சம் கொஞ்சமா உதிர்த்துட்டே இருக்கும், அதனால அடில சருகு எப்பவும் உண்டு. நடுநடுவுல வெளிமானும் புள்ளிமானும் மேயுற புல்வெளி. நிழலும் சருகும் ஒரு பக்கம், புல் ஒரு பக்கம், நடுவுல ஓரம். சருகு பூச்சிக்கு அந்த ஓரம் தான் வீடு, பகல்ல சருகுல தூங்கணும், முட்ட போட புல்லுக்கு போகணும்.

உள் காட்டுக்குள்ள நம்ம இஷ்டத்துக்கு போக முடியாது, போகவும் வேண்டாம், சிறுவர் பூங்கா பக்கம் மரத்தடிலயே பாக்கலாம். அடையாறு பிரம்மஞான சபை தோட்டம், அந்த பழைய ஆலமரம் இருக்குற இடம், அங்கயும் நல்லா கெடைக்கும், விடுற நேரத்த முன்னாடியே கேட்டுட்டு போங்க. நன்மங்கலம் காப்புக்காடு, வண்டலூர், கோட்டூர்புரம் ட்ரீ பார்க் எல்லாமே சரி. பெரும்பாலான இடத்துல அந்தி நேரத்துக்கு முன்னாடியே கேட்ட மூடிடுவாங்க, அதனால அங்கெல்லாம் காலைல போய் பாதை ஓரமா மெதுவா நடந்து சருகுலேர்ந்து எழும்புறத பாருங்க, பறக்குறத உங்க தெருவுலயே பாத்துக்கலாம். பாதைய விட்டு எறங்காதீங்க, எதையும் புடிச்சு எடுத்துட்டு வராதீங்க.

வர்தா புயலுக்கு அப்புறம் இதுங்க கொறஞ்சிடுச்சா?

ஊர் முழுக்க சொல்ல என்கிட்ட கணக்கு இல்ல, எங்க தெருவ பத்தி சொல்றேன். 2016 டிசம்பர் 12, அன்னைக்கு எங்க தெருமுனைல இருந்த ரெண்டு தூங்குமூஞ்சி மரமும் வேரோட சாஞ்சுது. மறு நாள் காலைல கதவ தொறந்தா வானம் அவ்ளோ பெருசா தெரியுது, நிழலே இல்ல. அதுக்கு கீழ இருந்த சருகெல்லாம் கிளையோட சேர்த்து லாரில போயிடுச்சு. அடுத்த ரெண்டு வருஷம் சாயங்காலம் அங்க நின்னா ஒண்ணு கூட வரல, புல் மட்டும் நல்லா வளர்ந்திருந்துச்சு, புல் மட்டும் இருந்து என்ன பண்ண. அப்புறம் அதே இடத்துல நாலஞ்சு வீட்டுக்காரங்க சேர்ந்து புங்கை வெச்சோம். புங்கை சீக்கிரம் வளரும், வருஷத்துக்கு ஒரு தடவ மொத்தமா இலைய கொட்டிட்டு துளிர்க்கும். அது ஆளு உயரத்துக்கு மேல போய் அடில நிழல் விழ ஆரம்பிச்ச வருஷம், மழை விட்ட ஒரு சாயங்காலம், பூச்சி வந்துடுச்சு. யாரும் கொண்டு வந்து விடல. எங்கேர்ந்து வந்துச்சோ தெரியாது, ஐஐடி மதில தாண்டித்தான் வந்திருக்கணும்னு எனக்கு தோணுது.

இது என்ன சாப்பிடும்? பூச்செடி வெச்சா வருமா?

பூவுக்கு இது அவ்வளவா போகாது. அழுகின பழம், மரத்துலேர்ந்து வடியுற பால், கள்ளு, இதான் புடிக்கும். கொய்யா மரம் வெச்சிருக்கவங்க வீட்டுல கீழ விழுந்த பழத்துல சாயங்காலம் போய் பாருங்க.

எங்க மரத்தடில ஒரு பழைய மண் தட்டுல நல்லா கனிஞ்சு தோல் கருத்துப் போன பூவம்பழம் ரெண்டு பிச்சுப் போட்டு, எறும்பு ஏறாம இருக்க தட்ட தண்ணி ஊத்தின இன்னொரு தட்டுக்கு நடுவுல கல்லு வெச்சு தூக்கி வெப்பேன். மொத நாள் ஈ மட்டும் தான், ரெண்டாம் நாள் பழம் புளிச்ச வாசனை வந்ததும் பூச்சி வந்திடும். அப்ப தரைல முழங்கால் போட்டு ரொம்ப கிட்ட போய் பாக்கலாம், சாப்பிடும்போது அது நம்மள கண்டுக்காது. சுருட்டி வெச்சிருந்த உறிஞ்சுகுழல அவிழ்த்து பழத்துல குத்தி குத்தி எடம் பாக்கும், எடம் கெடைச்சதும் குழல் அசையாது, உடம்பு மட்டும் லேசா ஏறி ஏறி எறங்கும். ஒரு தடவ பத்து நிமிஷம் ஒரே பூச்சி உறிஞ்சிட்டு இருந்துச்சு, பக்கத்துல ஒரு மரவட்டை ஏறிப் போனப்ப கூட நகரல. மருந்து அடிச்ச மார்க்கெட் பழமா இருந்தா தோல கழுவிட்டு போடுங்க, ராத்திரி தட்ட எடுத்துடுங்க, இல்லன்னா எலி வரும்.

முட்டை, புழு எல்லாம் எங்க இருக்கும்? ரோஜா செடிய தின்னுடுமா?

ரோஜா, மல்லி, கறிவேப்பிலை எதையும் தொடாது. கறிவேப்பிலைல பச்சையா புழு இருந்தா அது வேற, கறிவேப்பிலை அழகின்னு ஒரு கருப்பு பட்டாம்பூச்சியோட புழு. இது புல் மட்டும் தான். கினியா புல், அருகு மாதிரி புல்லுங்க, மூங்கில், நெல், கேழ்வரகு, எல்லாம் புல் குடும்பம் தான.

முட்டை ஜவ்வரிசிய விட பொடிசு, வெளிர்ந்த நிறத்துல உருண்டையா பளபளன்னு புல் இலையோட அடிப்பக்கம் ஒட்டியிருக்கும். சில நாள்ல பொரிஞ்சு புழு வரும். புழு புல் கலர்லயே இருக்கும், மேல பொடிப்பொடியா வெள்ளை ரோமம், பின்னாடி ரெண்டு வால் முனை, முன்னாடி தலைல ரெண்டு கொம்பு. முகம் தான் அழகு, பூனைக்குட்டி மாதிரி, கொம்பு கருப்பு கலந்த சிவப்பா மேல ரோமத்தோட. கண்டுபிடிக்கணும்னா டார்ச்ச எடுத்துட்டு ராத்திரி போங்க, பகல்ல இலைய ஒட்டி நீளவாக்குல படுத்திருக்கும், எனக்கே பாதி நேரம் தெரியாது. கைல பட்டா அரிக்காது, கம்பளிப்பூச்சி மாதிரி இல்ல. ரெண்டு மூணு வாரம் தின்னுட்டு வால் பக்கமா புல்லுல தொங்கி பச்சைக் கூட்டுப்புழு ஆகிடும், வழவழன்னு ஒரு சொட்டு பச்சை தண்ணி தொங்குற மாதிரி இருக்கும். அதுலேர்ந்து ஒரு வாரம் பத்து நாள்ல பட்டாம்பூச்சி. மொத்தமா ஒரு மாசம், கொஞ்சம் முன்ன பின்ன.

நெல்லுக்கு பூச்சின்னு சொல்றாங்களே?

ஆமா, நெல் இலையும் தின்னும், கொம்புப் புழுன்னு சொல்லுவாங்க. செங்கல்பட்டு பக்கம் எங்க பெரியப்பா வயல்ல சின்ன வயசுல பாத்திருக்கேன், இலை ஓரத்த வாய்க்கா வெட்டின மாதிரி தின்னிருக்கும், பெரியப்பா அத பெருசா எடுத்துக்க மாட்டார். பெரிய சேதம் பண்ற பூச்சி இல்ல, முட்டைய அழிக்குற குட்டி குளவிங்க, சிலந்தி, பறவைன்னு வயல்லயே ஆளு இருக்கு.

இறக்கைத் தூள் கண்ணுல பட்டா கண்ணு போயிடும்னு பாட்டி சொல்றாங்க. நிஜமா?

எங்க பாட்டியும் சொல்லுவாங்க. அது விஷம் இல்ல, இறக்கை மேல ஓடு வேஞ்ச மாதிரி அடுக்கியிருக்குற பொடி செதில், கலரே அதுல தான் இருக்கு. கண்ணுல எந்தத் தூள் பட்டாலும் உறுத்தும், தண்ணில கழுவுங்க, அவ்ளோதான். புடிக்கக் கூடாதுன்னு சொல்றதுக்கு வேற காரணம் இருக்கு, நாம புடிச்சா அந்த செதில் உதிரும், உதிர்ந்தா திரும்ப மொளைக்காது.

வீட்டுக்குள்ள வந்துடுச்சு, எப்படி வெளிய அனுப்புறது?

ஃபேன முதல்ல நிறுத்துங்க. ரூம் லைட்ட அணைச்சிட்டு பால்கனி கதவ தொறந்து வெளி லைட்ட மட்டும் போடுங்க, அஞ்சு பத்து நிமிஷத்துல தானா போயிடும், போனதும் அந்த வெளி லைட்டயும் அணைச்சிடுங்க. போகலன்னா ஒரு டம்ளர மேல கவுத்து, அடில கெட்டி அட்டைய மெதுவா நுழைச்சு, மரத்தடில கொண்டு போய் விடுங்க. ரோட்டுல விடாதீங்க. துடைப்பம் வேண்டாம், ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம்.

நம்ம மாநில பட்டாம்பூச்சி இதுவா?

இல்ல. அது தமிழ் மறவன், ஆரஞ்சு நிறத்துல இருக்கும், 2019ல அறிவிச்சாங்க, மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் இருக்கறது.

எங்க அசோசியேஷன்ல சருகக் கூட்டி எரிக்கிறாங்க, புல்ல மாசம் ஒரு தடவ மொட்டையா வெட்டுறாங்க. என்ன பண்றது?

இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனையும் எழுதினேன்னு கூட சொல்லலாம்.

நான் முன்னாடி இருந்த அபார்ட்மெண்ட்ல ஒரு மார்கழி கடைசில, போகிக்கு சுத்தம் பண்றோம்னு பின்பக்க மரத்தடி சருகெல்லாம் ஒரு வாரமா கூட்டி குவிச்சு வெச்சிருந்தாங்க. விடியக்காலைல கொளுத்திட்டாங்க. நான் எறங்கிப் போறதுக்குள்ள பாதி எரிஞ்சிடுச்சு. குவியல் ஓரத்துலேர்ந்து மூணு நாலு பூச்சி எழும்பிப் போச்சு, மத்தது எழும்பல, அந்த நேரத்துக் குளிர்ல சட்டுன்னு பறக்கவும் முடியாது அதுக்கு, அதோட ஒரே பாதுகாப்பு அசையாம இருக்கறது தான், நெருப்புக்கு முன்னாடி அது என்ன பண்ணும். சாம்பல ஒரு குச்சியால தள்ளிப் பாத்தேன். அதுக்கப்புறம் நான் யார்கிட்டயும் கோபமா பேசல, அவங்களுக்கு அது குப்பை, அதுல உயிர் இருக்குன்னு யாரும் சொன்னதில்ல. சொல்லியிருக்கணும், நான் சொல்லல.

இப்ப இருக்குற எடத்துல வந்த மொத மாசமே பேசினேன். எல்லாத்தையும் விட்டுடுங்கன்னு கேட்டா யாரும் ஒத்துக்க மாட்டாங்க, பாம்பு வரும், கொசு வரும்பாங்க, அந்த பயமும் நியாயம் தான். நடக்குற பாதை, குழந்தைங்க விளையாடுற இடம், கார் நிக்குற இடம் எல்லாம் சுத்தமா கூட்டுங்க, பின் மதில ஒட்டி ரெண்டு மரத்துக்கு அடில மட்டும் ஒரு பத்தடிக்கு பத்தடி விட்டுடுங்கன்னு கேட்டேன். கூட்டின சருகையும் எரிக்காம அங்கயே கொண்டு வந்து கொட்டுங்க, மக்கி மண்ணாகட்டும், செடிக்கு உரம் வாங்குற காசு மிச்சம்னு சொன்னேன், கமிட்டில இருந்த ஒரு மாமாவுக்கு அந்த காசு கணக்கு புடிச்சுப் போச்சு. கொசு சருகுல முட்ட போடாது, தேங்கின தண்ணில தான் போடும், அதனால அங்க தேங்கா மூடி, கப்பு, பாலிதீன் கவர் கெடக்காம நானே வாரத்துக்கு ஒரு தடவ பொறுக்கிடுவேன்.

புல்லுக்கு, தோட்டக்கார அண்ணன்கிட்ட ஒரே நாள்ல மொத்தமா வெட்ட வேண்டாம்ணே, இந்த மாசம் இந்தப் பாதி, அடுத்த மாசம் அந்தப் பாதின்னு சொன்னேன். முட்டைலேர்ந்து பூச்சியாக ஒரு மாசம் கிட்ட ஆகும்ல, மாசா மாசம் மொத்தத்தையும் வெட்டினா ஒரு புழு கூட தேறாது. மாத்தி மாத்தி வெட்டினா ஒரு பாதிக்கு ரெண்டு மாசம் கெடைக்கும். அவருக்கும் வேலை பாதி, உடனே சரின்னுட்டார். களைக்கொல்லி மருந்து மட்டும் அடிக்க விடாதீங்க, எறும்புலேர்ந்து மண்புழு வரைக்கும் யாருக்கு நல்லது அது. மதில் ஓரத்துல மட்டும் ரெண்டு ட்யூப்லைட்ட ஏழு மணிக்கு மேல போடச் சொல்லியிருக்கோம், அந்தி நேரம் அங்க இருட்டா இருக்கட்டும்னு.

பசங்களுக்கு காட்ட புழுவ பாட்டில்ல வளர்க்கலாமா?

ஒண்ணே ஒண்ணு வளர்க்கலாம், எந்தப் புல்லுல எடுத்தீங்களோ அதே புல்ல தினமும் புதுசா குடுக்கணும். வாய் அகலமான டப்பா, மேல வலை துணி, வெயில் படாத இடம். கூட்டுப்புழு தொங்கினதும் அசைக்காதீங்க, பூச்சி வெளிய வந்து இறக்கைய தொங்கவிட்டு விரிக்க கீழ இடம் வேணும், இடம் இல்லன்னா இறக்கை மடங்கியே காஞ்சிடும், அப்புறம் பறக்காது. எடுத்த இடத்துலயே அன்னைக்கு சாயங்காலம் கொண்டு போய் விடுங்க. பூங்கா, காப்புக்காட்டுலேர்ந்து எடுக்கக் கூடாது.

இறக்கை பிஞ்சு போன ஒண்ணு பால்கனில உக்காந்திருக்கு, செத்துடுமா?

ஓரம் மட்டும் பிஞ்சிருந்தா ஒண்ணும் ஆகாது, தாராளமா பறக்கும். கண்ணு இருக்குற எடத்துல தான் பிஞ்சிருக்கான்னு பாருங்க, அப்படின்னா பல்லியோ பறவையோ ஏமாந்திருக்கு. போன கார்த்திகைல பின் இறக்கைல முக்கோணமா ஒரு துண்டு இல்லாத ஒண்ணு எங்க பழத் தட்டுக்கு வந்துச்சு, அந்த வெட்ட வெச்சு அடையாளம் தெரிஞ்சுது, அடுத்த மூணு சாயங்காலமும் அதே பூச்சி அதே நேரத்துக்கு வந்துச்சு. உங்களோடத தொடாம விடுங்க, பக்கத்துல ஒரு துண்டு பழம் வைங்க, இருட்டினதும் கெளம்பிடும்.